நிகர பூஜ்ஜிய மாற்றத்தில் நியாயத்தைக் கண்காணிப்பது யார்? பிரிட்டிஷ் நாடாளுமன்றம் குறித்து ஓர் ஐயம்

கேள்வி
எழுதியவர்: ஆட்சியியல் மாணவி

அனைவருக்கும் வணக்கம். பொது நிர்வாகத்தில் முதுகலை ஆய்வேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். எரிசக்தித் துறையை நிகர பூஜ்ஜிய உமிழ்வுக்கு, அதாவது வெளியேறும் பசுங்குடில் வாயுவும் அகற்றப்படும் வாயுவும் சமமாகும் நிலைக்கு, கொண்டுசெல்லும் முயற்சியில் சுமையும் பயனும் நியாயமாகப் பங்கிடப்படுகின்றனவா என்பதைப் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் எந்த அளவுக்குக் கண்காணிக்கிறது என்பதே என் தலைப்பு. குழு அறிக்கைகளையும் சாட்சியப் பதிவுகளையும் ஓரளவு படித்துவிட்டேன். ஆனால் ஓரிடத்தில் மேலே நகர முடியவில்லை. விவரம் அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

உமிழ்வைக் குறைக்கும் பக்கத்தில் கண்காணிப்பு எப்படி நடக்கிறது என்பது தெளிவாகவே இருக்கிறது. 2008ஆம் ஆண்டின் காலநிலை மாற்றச் சட்டம் ஐந்தாண்டுக்கு ஒரு கார்பன் பட்ஜெட்டை, அதாவது அந்தக் காலத்தில் நாடு வெளியிடக்கூடிய உமிழ்வின் உச்ச அளவை, நிர்ணயிக்கச் சொல்கிறது. சுயேச்சையான காலநிலை மாற்றக் குழு ஆண்டுதோறும் முன்னேற்ற அறிக்கையை நாடாளுமன்றத்தின் முன் வைக்கிறது. அக்டோபர் 15க்குள் அரசு அதற்குப் பதிலளித்தாக வேண்டும். அரசின் திட்டத்தில் போதிய விவரம் இல்லை என்று 2022 ஜூலையிலும், அதன் பிறகு எழுதப்பட்ட திட்டமும் சட்டத்துக்குப் பொருந்தவில்லை என்று 2024 மே மாதத்திலும் லண்டன் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எண் இருக்கிறது, நாள் இருக்கிறது, தவறினால் வழக்குத் தொடுக்க வழியும் இருக்கிறது.

அதே மாற்றத்தால் வேலையிழப்பவர்கள், ஒற்றை ஆலையை நம்பியிருக்கும் ஊர்கள், மின்கட்டணம் செலுத்தத் திணறும் குடும்பங்கள் ஆகியோரைப் பற்றிக் கேட்கப் புகுந்தால் இத்தகைய ஏற்பாடு எதையும் அந்தச் சட்டத்தில் காண முடியவில்லை. கார்பன் பட்ஜெட்டை முடிவுசெய்யும்போது கருத்தில் கொள்ள வேண்டியவை என்று 10ஆம் பிரிவு அடுக்கும் பட்டியலில் சமூகச் சூழலும் எரிசக்தி வறுமையும் இடம்பெறுகின்றன, அவ்வளவுதான். 80 சதவீதக் குறைப்பு என்றிருந்த இலக்கை நிகர பூஜ்ஜியமாக உயர்த்திய 2019ஆம் ஆண்டின் ஆணையே நாடாளுமன்றத்தின் கீழவையான காமன்ஸ் சபையில் ஒன்றரை மணி நேர விவாதத்தோடு, வாக்கெடுப்பின்றி நிறைவேறியிருக்கிறது. செலவை யார் ஏற்பது என்ற கேள்விக்கு அந்த ஒன்றரை மணி நேரத்தில் எவ்வளவு இடம் கிடைத்திருக்கும்?

எனவே நான் கேட்க விரும்புவது இது. நியாயத்தைப் பற்றிக் கேள்வி கேட்கும் பொறுப்பு எந்தக் குழுவுடையது? ஆலையை மூடுவதென்று ஒரு தனியார் நிறுவனம் முடிவெடுத்துவிட்ட பிறகு, நாடாளுமன்றக் குழுவின் விசாரணையால் ஏதேனும் மாறியிருக்கிறதா?


மறுமொழி
எழுதியவர்: ஃபால்கர்க்வாசி

வணக்கம். பொறுப்பு எந்தக் குழுவுடையது என்ற கேள்விக்கு, பல குழுக்களுடையது, அதனாலேயே எந்த ஒன்றுடையதும் அன்று என்பதுதான் நேரான விடை.

லண்டனில் 2023 பிப்ரவரியில் எரிசக்திப் பாதுகாப்பு மற்றும் நிகர பூஜ்ஜியத் துறை உருவானபோது அதைக் கண்காணிக்க அதே பெயரில் ஒரு தெரிவுக்குழுவும் (உறுப்பினர்களைக் கொண்ட விசாரணைக் குழு) வந்தது. ஆனால் ஆலை மூடப்பட்டால் அது தொழில் வணிகக் குழுவின் விஷயம். வேலையிழந்தவருக்கு உதவித்தொகை என்றால் வேலை மற்றும் ஓய்வூதியக் குழுவின் விஷயம். மறுபயிற்சி என்றால் மீண்டும் வேறொரு குழு. 1997இல் அமைக்கப்பட்ட சுற்றுச்சூழல் தணிக்கைக் குழுவுக்கு மட்டும் எல்லாத் துறைகளையும் குறுக்காகப் பார்க்கும் அதிகாரம் உண்டு. அதற்கு மேல் ஸ்காட்லாந்து, வேல்ஸ் விவகாரங்களுக்கான குழுக்கள் தனித்தனியாக இருக்கின்றன. எடின்பரோவிலுள்ள ஸ்காட்டிஷ் நாடாளுமன்றத்திலோ நிகர பூஜ்ஜியம், எரிசக்தி, போக்குவரத்துக்கு ஒரு குழுவும், பொருளாதாரம், நியாயமான பணிச்சூழலுக்கு இன்னொரு குழுவும் உள்ளன. எரிசக்திச் சட்டமும் தொழிலாளர் சட்டமும் லண்டனின் கையில். திறன் பயிற்சி, நிலத் திட்டமிடல், வட்டார வளர்ச்சி ஆகியவை எடின்பரோவின் கையில்.

இந்தப் பிரிவினை நடைமுறையில் என்ன செய்தது என்பதற்கு நான் வசிக்கும் வட்டாரத்திலுள்ள கிரேஞ்ச்மவுத் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையைவிடப் பொருத்தமான சான்று உங்களுக்குக் கிடைக்காது. 1924இல் தொடங்கிய, நாளொன்றுக்குச் சுமார் 1,50,000 பீப்பாய் கொள்ளளவு கொண்ட, ஸ்காட்லாந்தின் ஒரே சுத்திகரிப்பு ஆலை அது. ஐனியோஸும் பெட்ரோசைனாவும் கூட்டாக நடத்திவந்த பெட்ரோஐனியோஸ் நிறுவனம், ஆலையை வெறும் இறக்குமதி முனையமாக மாற்றும் திட்டத்தை 2023 நவம்பரில் வெளியிட்டது. 2024 செப்டம்பரில் அதை உறுதி செய்தது. 2025 ஏப்ரல் 29 அன்று சுத்திகரிப்பு நின்றது. ஏறத்தாழ 400 வேலைகள் போயின. ஒப்பந்தப் பணியாளர்கள், பழுதுபார்ப்புக் கடைகள், லாரி உரிமையாளர்கள் இந்தக் கணக்கில் இல்லை.

இதில் உங்கள் ஆய்வுக்கு முக்கியமான செய்தி என்னவென்றால், கிரேஞ்ச்மவுத் வட்டாரத்தின் நியாயமான மாற்றம் (தொழில் மாறும்போது தொழிலாளரும் ஊரும் கைவிடப்படாமல் இருப்பது) குறித்து ஸ்காட்டிஷ் நாடாளுமன்றத்தின் பொருளாதாரக் குழு முன்கூட்டியே விசாரணை நடத்தி, 2023இலேயே அறிக்கை வெளியிட்டிருந்தது என்பதாகும். குழு சரியான ஊரைத் தேர்ந்தெடுத்தது, சரியான நேரத்தில் தொடங்கியது, சரியான கேள்விகளையும் கேட்டது. அப்படியிருந்தும் அதே ஆண்டு நவம்பரில் வந்த மூடல் அறிவிப்பைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ அதனால் இயலவில்லை. ஏனெனில் குழுவின் பரிந்துரைக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டது எடின்பரோ அரசு, முடிவெடுத்ததோ ஒரு தனியார் நிறுவனம்.

இத்தனைக்கும் ஸ்காட்லாந்தின் 2019ஆம் ஆண்டுச் சட்டத்தில், நீங்கள் லண்டன் சட்டத்தில் காணாத நியாயமான மாற்றத்தின் கோட்பாடுகள் எழுதியே வைக்கப்பட்டுள்ளன. பேராசிரியர் ஜிம் ஸ்கீ தலைமையில் அதற்கென்றே ஓர் ஆணையம் அமைந்து, 2021 மார்ச்சில் இறுதி அறிக்கை தந்தது. பத்தாண்டுகளில் 50 கோடி பவுண்டு செலவிட நியாயமான மாற்ற நிதி ஒன்றும் அறிவிக்கப்பட்டது. ஆனால் அந்த நிதி வடகிழக்கு ஸ்காட்லாந்துக்கும் மோரே வட்டாரத்துக்கும் உரியது, அதாவது அபர்டீனைச் சுற்றியுள்ள கடல் எண்ணெய்த் தொழிலுக்கு. கிரேஞ்ச்மவுத் அந்த எல்லைக்குள் வராது. முதலில் மூடப்பட்ட பெரிய ஆலை நிதியின் வரைபடத்துக்கு வெளியே இருந்தது!

மாற்றுத் தொழில்களைக் கண்டறிய இரு அரசுகளும் 15 லட்சம் பவுண்டு செலவில் நடத்திய வில்லோ திட்டம் என்ற ஆய்வு 2025 மார்ச் 19 அன்று வெளியானது. ஒன்பது வழிகளைச் சொன்ன அந்த ஆய்வு, 350 கோடி பவுண்டு தனியார் முதலீடு வந்தால் 2040க்குள் 800 வேலைகள் வரை உருவாகலாம் என்றது. ஆய்வு வெளியாகி ஆறு வாரத்துக்குள் ஆலை நின்றுவிட்டது. பிரதமர் கியர் ஸ்டார்மர் அறிவித்த 20 கோடி பவுண்டும், தகுந்த முதலீட்டாளர் வந்தால் தேசியச் செல்வ நிதியிலிருந்து வரக்கூடியது. 2025இல் வேலையிழந்த ஒருவருக்கு 2040இன் வேலை எப்படிச் சமமாகும் என்பதை எந்தக் குழு, யாரிடம் கேட்பது என்பதுதான் எஞ்சியிருக்கும் கேள்வி.


மறுமொழி
எழுதியவர்: ஓய்வுபெற்ற உலோகவியலாளர்

மாணவிக்கு வாழ்த்துகள். முந்தைய பதிவில் சொல்லப்பட்டதை நான் மறுக்கவில்லை; ஆனால் குழுக்கள் சிதறிக் கிடப்பதே முதன்மைக் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. மூடலுக்கு எவ்வளவு காலம் முன்னதாக அறிவிப்பு வருகிறது என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. 2024 செப்டம்பர் 30 என்ற ஒரே நாளில் பிரிட்டனில் இரண்டு மூடல்கள் நடந்தன. அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டுகிறேன்.

முதலாவது, நாட்டிங்ஹாம்ஷயரிலுள்ள ராட்கிளிஃப் அனல்மின் நிலையம். அதோடு 1882இல் லண்டனில் தொடங்கிய நிலக்கரி மின்சாரத்தின் 142 ஆண்டுக் கதை முடிந்தது. நிலக்கரி மின்னுற்பத்தியை 2025க்குள் நிறுத்துவதாக அன்றைய அமைச்சர் ஆம்பர் ரட் 2015 நவம்பரிலேயே அறிவித்துவிட்டார். பின்னர் கெடு 2024 அக்டோபருக்கு முன்னிழுக்கப்பட்டது. ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் பணியாளருக்கும் தொழிற்சங்கத்துக்கும் நிறுவனத்துக்கும் நாள் தெரிந்திருந்தது. ஓய்வுபெறுபவர் யார், வேறு நிலையத்துக்குச் செல்பவர் யார், புதுத் தொழில் கற்பவர் யார் என்று ஒவ்வொருவருடனும் உட்கார்ந்து பேச அவகாசம் இருந்தது.

இரண்டாவது, வேல்ஸில் போர்ட் டால்பட் உருக்காலையின் நான்காம் எண் ஊது உலை, அதாவது தாதுவிலிருந்து இரும்பை உருக்கியெடுக்கும் உலை. நம் நாட்டு டாடா ஸ்டீல் நிறுவனத்துக்குச் சொந்தமான ஆலை என்பதால் நம்மவர்களும் இதைக் கவனித்திருப்பார்கள். 2023 செப்டம்பரில் அரசு 50 கோடி பவுண்டு மானியம் அறிவித்தது. மொத்தம் 125 கோடி பவுண்டில் மின்வில் உலை அமைப்பது திட்டம். 2024 ஜனவரியில் இரு ஊது உலைகளையும் அந்த ஆண்டிலேயே மூடப்போவதாகவும், பிரிட்டன் முழுவதும் 2,800 வேலைகள் வரை போகலாம் என்றும் நிறுவனம் அறிவித்தது. மார்ச்சில் கல்கரி அடுப்புகள், ஜூலையில் ஐந்தாம் எண் உலை, செப்டம்பர் இறுதியில் நான்காம் எண் உலை. அறிவிப்பிலிருந்து முடிவு வரை ஒன்பது மாதம்கூட இல்லை. புதிய உலைக்கான கட்டுமானமே 2025 ஜூலையில்தான் தொடங்கியது.

தொழில்நுட்பத்தை அறியாமல் இதன் நியாயத்தைப் பேச முடியாது. ஊது உலை என்பது தனி உலை அன்று. இரும்புத் தாதுவைக் கட்டியாக்கும் பிரிவு, நிலக்கரியைக் கல்கரியாக்கும் பிரிவு, வாயுவை மீட்கும் பிரிவு, உருகிய இரும்பை உருக்காக்கும் பிரிவு என்று ஒரு பெரும் வரிசையே அதன் பின்னால் நிற்கிறது. மின்வில் உலையோ பழைய இரும்பை மின்சாரத்தால் உருக்குகிறது. அந்த வரிசையில் பெரும்பாலானவை அதற்குத் தேவைப்படா. எனவே புதிய உலை வந்தாலும் பழைய வேலைகள் திரும்புவதில்லை. உமிழ்வு பெருமளவில் குறையும் என்பது மெய்யே. ஆனால் அந்த மானியத்துக்கான ஒப்பந்தம் பேசப்பட்ட மேசையில் தொழிற்சங்கங்கள் இல்லை. புதிய உலை எழும்வரை ஓர் ஊது உலையையாவது இயக்கலாம் என்று அவை பின்னர் முன்வைத்த மாற்றுத் திட்டத்தை, இழப்பு தாங்காது என்று நிறுவனம் நிராகரித்தது. வேல்ஸ் விவகாரக் குழு நிறுவன அதிகாரிகளையும் சங்கத் தலைவர்களையும் அழைத்து விசாரித்தது, ஆனால் மானியம் முடிவான பிறகு. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்களே, அதுதான்.

பொதுப்பணத்தில் 50 கோடி பவுண்டைக் கொடுக்கும் முன்பு, அதன் நிபந்தனைகளை ஒரு தெரிவுக்குழுவின் முன் வைக்க வேண்டும் என்று விதி இருந்திருந்தால் பேரம் வேறு விதமாக அமைந்திருக்கலாம். அத்தகைய விதி இல்லை.

நாடாளுமன்றம் நினைத்தால் எவ்வளவு விரைவாகச் செயல்படும் என்பதற்கும் சான்று இருக்கிறது. ஸ்கன்தார்ப்பிலுள்ள பிரிட்டிஷ் ஸ்டீல் ஆலையின் உலைகள் அணைந்துவிடும் என்ற நிலை வந்தபோது, விடுமுறையிலிருந்த உறுப்பினர்களை 2025 ஏப்ரல் 12, சனிக்கிழமையன்று வரவழைத்து, ஒரே நாளில் இரு அவைகளிலும் சட்டத்தை நிறைவேற்றி, ஆலையை இயக்கும் அதிகாரத்தை அரசு எடுத்துக்கொண்டது. அதற்குப் பதினேழு நாள் கழித்துக் கிரேஞ்ச்மவுத் நின்றது. எங்களுக்கு ஏன் அந்தச் சனிக்கிழமை கிடைக்கவில்லை என்று ஸ்காட்லாந்து உறுப்பினர்கள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. தாதுவிலிருந்து உருக்கு செய்யும் கடைசி ஆலை என்ற பாதுகாப்புக் காரணம் ஸ்கன்தார்ப்புக்கு இருந்ததை ஒப்புக்கொண்டாலும் அந்தக் கேள்வி மறைந்துவிடாது.


மாணவியின் தொடர்ச்சி

இருவருக்கும் மிக்க நன்றி. அப்படியானால் இந்தக் குழுக்களுக்குப் பல் இல்லை என்றுதான் நான் எழுத வேண்டுமா? ஆட்களையும் ஆவணங்களையும் வரவழைக்கும் அதிகாரம் அவற்றுக்கு உண்டென்று அவையின் நடைமுறை விதிகளான நிலையாணைகள் சொல்கின்றனவே. விசாரணையால் ஒரு சாமானியரின் வாழ்க்கையில் மாற்றம் வந்ததற்கு ஓர் எடுத்துக்காட்டாவது உண்டா?


மறுமொழி
எழுதியவர்: முன்னாள் தணிக்கையாளர்

உண்டு. ஆனால் அது நடக்க எடுத்துக்கொண்ட காலத்தையும் சேர்த்தே எழுத வேண்டும்.

முதலில் வரவழைக்கும் அதிகாரத்தைப் பற்றி. காகிதத்தில் அது பெரிய அதிகாரம். மீறுபவரைத் தண்டிக்கும் வழி ஏறத்தாழ இல்லை. போலிச் செய்திகள் பற்றிய விசாரணைக்கு வர மறுத்த அரசியல் வியூகவாதி டொமினிக் கம்மிங்ஸை 2019 ஏப்ரலில் காமன்ஸ் சபை அவமதிப்புக்காகக் கண்டித்தது. அதோடு சரி. சில மாதங்களில் அவர் பிரதமரின் தலைமை ஆலோசகராகப் பொறுப்பேற்றார். ஆகவே ஆலை முதலாளிகள் குழுவின் முன் வருவது தண்டனைக்கு அஞ்சி அன்று. அரசின் மானியமும் நற்பெயரும் தேவைப்படுவதால்தான்.

இனி, பலன் தந்த எடுத்துக்காட்டு. இன்றைய நிகர பூஜ்ஜியத் திட்டத்துக்கு முன்பே பிரிட்டன் நிலக்கரியிலிருந்து விலகிய ஒரு கொடிய மாற்றத்தைக் கண்டிருக்கிறது. 1984–85 வேலைநிறுத்தத்துக்குப் பிறகு சுரங்கங்கள் வரிசையாக மூடப்பட்டன. 1994இல் எஞ்சிய நிலக்கரித் தொழில் தனியார்மயமானது. அப்போது சுரங்கத் தொழிலாளர் ஓய்வூதிய நிதிக்கு அரசு உத்தரவாதம் அளித்தது. பதிலுக்கு நிதியில் உபரி வந்தால் பாதி தனக்கு என்று ஒப்பந்தம் செய்துகொண்டது. நிதி நன்றாக வளர்ந்ததால் அரசு தன் கையிலிருந்து எதையும் போடாமலே 400 கோடி பவுண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டது. நுரையீரல் நோயோடு முதுமையைக் கழித்துக்கொண்டிருந்த பலர் மிகச் சொற்பமான ஓய்வூதியம் பெற்றுவந்த காலம் அது.

2021 ஏப்ரலில் காமன்ஸ் சபையின் வணிக, எரிசக்திக் குழு இதை விசாரித்து, தொழிலாளர் ஓய்வூதியத்திலிருந்து அரசு லாபம் பார்ப்பது முறையன்று என்றும், ஒதுக்கிவைத்திருந்த முதலீட்டு இருப்பை உறுப்பினர்களுக்கே தர வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. குழுவில் ஆளுங்கட்சியினரும் இருந்தனர். அரசு ஏற்கவில்லை. ஆனால் அறிக்கை பதிவில் நின்றது. முன்னாள் சுரங்கத் தொழிலாளர்களும் அவர்கள் தொகுதி உறுப்பினர்களும் அதையே ஆதாரமாக வைத்துத் தொடர்ந்து கேட்டனர். அது தேர்தல் வாக்குறுதியாயிற்று. ஆட்சி மாறிய பின் 2024 அக்டோபர் பட்ஜெட்டில் 150 கோடி பவுண்டு இருப்பு ஓய்வூதிய நிதிக்குத் திரும்பியது. ஏறத்தாழ 1,12,000 பேருக்கு ஓய்வூதியம் 32 சதவீதம் உயர்ந்தது. சுரங்கங்கள் தனியார் கைக்குப் போய் முப்பது ஆண்டு கழித்து! அதற்குள் இறந்துபோனவர்களுக்கு அந்த அறிக்கையால் என்ன பயன் என்று நீங்கள் கேட்டால் என்னிடம் விடை இல்லை.

மற்றோர் எடுத்துக்காட்டு ஏழைக் குடும்பங்களைப் பற்றியது. அனைவரின் எரிசக்திக் கட்டணத்திலிருந்தும் பிடிக்கும் தொகையைக்கொண்டு வருமானம் குறைந்தோரின் வீடுகளுக்கு வெப்பக்காப்புப் பொருத்தும் திட்டங்கள் அங்கு நடந்துவந்தன. நாடாளுமன்றத்துக்காகப் பணிபுரியும் தேசியத் தணிக்கை அலுவலகம் 2025 அக்டோபரில் வெளியிட்ட அறிக்கை, அவற்றில் வெளிச்சுவர் வெப்பக்காப்புப் பெற்ற வீடுகளில் 98 சதவீதம், அதாவது 22,000 முதல் 23,000 வரையிலான வீடுகள், சரிசெய்தாக வேண்டிய பெரிய குறைகளோடு இருப்பதாக மதிப்பிட்டது. கவனியுங்கள்: கார்பன் கணக்கில் இந்த வீடுகள் ஒவ்வொன்றும் ஒரு வெற்றி, அவற்றின் சுவரிலோ ஈரமும் பூஞ்சையும் ஏறும் அபாயம். உமிழ்வுப் பட்டியலை மட்டும் பார்க்கும் கண்காணிப்பின் கண்ணில் இது படவே படாது. செலவிட்ட பணத்துக்குப் பயன் கிடைத்ததா என்று கேட்கும் தணிக்கையாளரின் பழைய கேள்விதான் இதைப் பிடித்தது. பொதுக் கணக்குக் குழு இதைக் கையிலெடுத்துத் துறைச் செயலரையே உட்காரவைத்துக் கேட்டது. நவம்பர் பட்ஜெட்டில், கட்டணத்தின்வழி நிதி பெற்றுவந்த முதன்மைத் திட்டத்தை முடிவுக்குக் கொண்டுவருவதாக அரசு அறிவித்தது. அது நல்ல முடிவா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. கட்டணம் குறையும், ஆனால் வீடு குளிரும். எப்படியாயினும், நியாயம் குறித்த கண்காணிப்பு எரிசக்திக் குழுவை விடக் கணக்குக் குழுவில்தான் கூர்மையாக நடக்கிறது என்பது என் கருத்து. உங்கள் நூற்பட்டியலில் அந்தக் குழு இல்லையென்றால் சேர்த்துக்கொள்ளுங்கள்.


மறுமொழி
எழுதியவர்: நெய்வேலிக்காரன்

ஒரு சிறு ஒப்பீட்டை மட்டும் முன்வைக்கிறேன். பிரிட்டிஷ் குழுக்களைப் பல்லில்லாதவை என்று இங்கிருந்து எழுதுமுன், நம்முடையவை எப்படியிருக்கின்றன என்பதையும் பார்க்க வேண்டும். அங்கே 2010 முதல் பெரும்பாலான தெரிவுக்குழுத் தலைவர்களை உறுப்பினர்கள் அனைவரும் ரகசிய வாக்கெடுப்பில் தேர்ந்தெடுக்கிறார்கள். அமைச்சர்கள் குழுவின் முன் வந்து உட்காருகிறார்கள். கூட்டம் நேரலையாக ஒளிபரப்பாகிறது. இங்கே துறைசார் நிலைக்குழுக்களின் தலைவர்கள் நியமிக்கப்படுகிறார்கள். அமைச்சரைச் சாட்சியாக அழைக்க முடியாது, அதிகாரிகள்தாம் வருவார்கள். கூட்டம் மூடிய அறைக்குள் நடக்கிறது.

துறைச் சிதறல் இங்கும் அப்படியே இருக்கிறது. நெய்வேலியின் என்எல்சி நிறுவனம் நிலக்கரி அமைச்சகத்தின் கீழ் வருவதால் நிலக்கரி, சுரங்கம், எஃகுக் குழுவின் பார்வைக்கு உரியது. மின்சாரமும் சூரிய ஆற்றலும் எரிசக்திக் குழுவுக்கு. தொழிலாளர் நலனும் திறன் மேம்பாடும் மூன்றாவது குழுவுக்கு. 2070க்குள் நிகர பூஜ்ஜியம் என்று 2021இல் கிளாஸ்கோவில் பிரதமர் அறிவித்தார். அது சட்டமாக எழுதப்படவில்லை என்பதால், நீங்கள் குறிப்பிட்டதைப் போல உயர் நீதிமன்றத்துக்குச் செல்லும் வழி இங்கே அந்த வடிவில் இல்லை. பழுப்பு நிலக்கரி நின்றுபோகும் நாளில் நிரந்தரப் பணியாளருக்கு ஏதேனும் ஏற்பாடு இருக்கும் என்றே நினைக்கிறேன். ஒப்பந்தத் தொழிலாளரும், நிலம் கொடுத்துவிட்டு வேலைக்குக் காத்திருப்பவரும் எந்தக் குழுவின் கணக்கில் வருவார்கள் என்பது தெரியவில்லை.


மறுமொழி
எழுதியவர்: ஃபால்கர்க்வாசி

நெய்வேலி நண்பரின் கடைசிக் கேள்வி எங்கள் ஊருக்கும் பொருந்துகிறது. ஒப்பந்தப் பணியாளர்கள் இங்கும் எந்தப் பட்டியலிலும் முழுமையாக வரவில்லை.

மாணவியின் முதல் பதிவில் உள்ளடங்கிய ஒரு கருதுகோளைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டியிருக்கிறது. நியாயத்துக்கும் ஓர் எண்ணைச் சட்டத்தில் எழுதிவிட்டால் கண்காணிப்புக் கூர்மையாகிவிடும் என்ற முடிவை நோக்கி ஆய்வேடு போகலாம். ஸ்காட்லாந்தின் அனுபவம் அதை முழுவதும் ஆதரிக்கவில்லை. 2030க்குள் 75 சதவீதக் குறைப்பு என்ற சட்ட இலக்கு எட்ட முடியாதது என்று 2024 ஏப்ரல் 18 அன்று அரசே அறிவித்துக் கைவிட்டது. அந்த ஆண்டு நவம்பரில் சட்டத்தையும் திருத்தினார்கள். எண் இருந்தும் இலக்குத் தவறியது. ஆனால் அந்த எண்ணைக் கைவிட்டதன் விலையையும் பாருங்கள்: பசுமைக் கட்சியுடனான கூட்டு ஒரு வாரத்தில் முறிந்தது, ஏப்ரல் 29 அன்று முதலமைச்சர் ஹம்சா யூசஃப் பதவி விலகலை அறிவித்தார். வேறு காரணங்களும் கலந்திருந்தன என்றாலும் தொடக்கம் அந்த எண்தான். சரியாக ஓராண்டு கழித்து, அதே ஏப்ரல் 29இல், கிரேஞ்ச்மவுத் சுத்திகரிப்பு நின்றபோது எந்த அமைச்சரும் பதவி விலகவில்லை. சட்டத்திலுள்ள நியாயக் கோட்பாடுகளை மீறிவிட்டீர்கள் என்று யாரும் நீதிமன்றம் போகவும் இல்லை. போயிருந்தாலும் எதை அளவுகோலாகக் காட்டியிருப்பார்கள்?

ஆகவே எண்ணை எழுதுவதா வேண்டாமா என்பதைவிட, ராட்கிளிஃப் பற்றி உலோகவியலாளர் சொன்ன கால அவகாசத்தைச் சட்டக் கடமையாக்க முடியுமா என்று ஆராய்வது பயனுள்ளதாக இருக்கும் என்று நினைக்கிறேன். உமிழ்வு மிகுந்த ஓர் ஆலையை மூட இத்தனை ஆண்டு முன்னறிவிப்பு வேண்டும், அதற்குள் பணியாளர் திட்டம் ஒன்று குழுவின் முன் வைக்கப்பட வேண்டும் என்பதை அளக்க முடியும். தவறினால் காட்டவும் முடியும். கிரேஞ்ச்மவுத் நின்று இரண்டே மாதத்தில், லிங்கன்ஷயரிலுள்ள லிண்ட்சே சுத்திகரிப்பு ஆலையின் உரிமை நிறுவனம் திவாலாகி, அங்கிருந்த 400க்கும் மேற்பட்டோர் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் நிச்சயமின்மையில் விழுந்தார்கள். திவாலாகும் நிறுவனத்திடம் முன்னறிவிப்பை எப்படிப் பெறுவது என்ற சிக்கலை இந்த யோசனை தீர்க்காது என்பதையும் நீங்கள் எழுதத்தான் வேண்டும்.

உடனடியாகப் பார்க்க வேண்டியது ஏழாவது கார்பன் பட்ஜெட். 2038 முதல் 2042 வரையிலான காலத்துக்கு உரியது. 2040க்குள் 1990ஆம் ஆண்டு அளவிலிருந்து 87 சதவீதக் குறைப்பு என்று காலநிலை மாற்றக் குழு 2025 பிப்ரவரியில் ஆலோசனை வழங்கியது. சட்டப்படி 2026 ஜூன் 30க்குள் நிர்ணயிக்கப்பட வேண்டியது. அது குறித்த குழு விசாரணைகளில் யார் யார் சாட்சியாக அழைக்கப்பட்டார்கள் என்ற பட்டியலை எடுத்து, அதில் நிறுவனங்களும் ஆய்வாளர்களும் எத்தனை, தொழிற்சங்கங்கள் எத்தனை, உள்ளூராட்சி மன்றங்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். பிறகு ஒவ்வொரு பரிந்துரைக்கும் இரண்டு மாதத்துக்குள் அரசு தரும் பதிலில், ஏற்கிறோம் என்று சொன்னவற்றுள் தொகையும் தேதியும் குறிப்பிடப்பட்டவை எவை என்று தனியே பிரித்து எடுங்கள்.